பழைய வால்வு ரேடியோகிராம்: சரிசெய்வதா, உள்ளே மாற்றுவதா, கொடுத்துவிடுவதா?

பாகம் பிரிக்கும்போதோ வீட்டை இடித்துக் கட்டும்போதோ பரணிலிருந்து இறங்கும் சாமான்களில் இதுவும் ஒன்று. வானொலியும் ரிக்கார்டு பிளேயரும் சேர்ந்த, மேசைமேல் வைக்கிற அளவில் ஒரு மரப்பெட்டி. முன்னால் ஊர்ப் பெயர்கள் எழுதிய கண்ணாடி டயல், கீழே வரிசையாகப் பொத்தான்கள். மேல்மூடியைத் தூக்கினால் ரிக்கார்டு சேஞ்சர்: நடுவில் உயரமான தண்டு, பக்கத்தில் தட்டுகளை அமுக்கிப் பிடிக்கும் கை. எட்டுப் பத்துத் தட்டுகளை அடுக்கிவிட்டு உட்கார்ந்தால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக விழுந்து பாடும். சிலது இங்கே வாங்கியது. சிலது பர்மா, மலேயா, சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பியவர்கள் கப்பலில் கொண்டுவந்தது.

இதை என்ன செய்வது என்று தெரியாமல் பலர் வருடக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். வழிகள் நான்கு. முழுதாகப் பழையபடியே சரிசெய்வது. ரேடியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் மட்டும் சரிசெய்து, சேஞ்சருக்கு ஓய்வு கொடுத்து, வெளியே ஒரு புது டர்ன்டேபிளை இணைப்பது. மரப்பெட்டியை வைத்துக்கொண்டு உள்ளே புளூடூத் பலகை பொருத்துவது. பெட்டியை விற்றுவிட்டோ கொடுத்துவிட்டோ புது டர்ன்டேபிள் வாங்குவது.

எதை யோசித்தாலும் முதலில் ஒன்று: "இன்னும் பாடுதா பாப்போம்" என்று பிளக்கைச் செருகிவிடாதீர்கள். பல வருடம் சும்மா கிடந்த வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழல்) செட்டில் கண்டன்சர்கள் காய்ந்தோ கசிந்தோ போயிருக்கும். முதல் வால்வு நிலையிலிருந்து கடைசி வால்வுக்கு ஒலியைக் கொண்டுபோகும் சிறிய மெழுகுக் காகிதக் கண்டன்சர் ஒன்று உண்டு. அது கசிந்தால் கடைசி வால்வின் கிரிடில் தேவையில்லாத வோல்டேஜ் ஏறும், வால்வு அளவுக்கு மீறிச் சூடாகும், கூடவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் எரியும். சில ரூபாய் சாமானால் போயிருக்க வேண்டிய பழுது, வைண்டிங் கடை வரை இழுத்துவிடும். நான்கு வழிகளில் இரண்டு அந்த நிமிடத்திலேயே கைவிட்டுப் போகலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

பெரும்பாலானவர்கள் பெட்டியைப் பார்த்துத்தான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். பெட்டியோடு வந்த தட்டுகளை முதலில் பாருங்கள் என்பேன். முடிவில் பாதிக்கு மேல் அந்த அடுக்கில்தான் இருக்கிறது.

கையில் எடுத்தால் கனமாக, கீழே விழுந்தால் உடையும்படி இருப்பவை 78 சுழற்சித் தட்டுகள். அரக்கு கலந்து செய்தவை. ஓடியன், கொலம்பியா, எச்எம்வி என்று லேபிள் இருக்கும். பத்து அங்குலத் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம் பாடும். இவற்றின் பள்ளம் அகலமானது. ஏறக்குறைய 75 மைக்ரான் முனையுள்ள ஊசி வேண்டும். வளைந்து கொடுக்கும் எல்பி, இபி தட்டுகளுக்கு 18 முதல் 25 மைக்ரான். எல்பி ஊசியை 78 தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் புழுதியில் உருளும், கரகரப்புதான் கேட்கும். 78 ஊசியை எல்பியில் வைத்தால் தட்டு போய்விடும். பழைய சேஞ்சர்களில் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) முனையில் ஒரு குட்டி நெம்பு இருக்கும். அதைத் திருப்பினால் ஒரு ஊசி மேலே போய் மற்றது கீழே வரும். ஒரே பெட்டியில் இரண்டு வகையும் பாட வழி செய்திருந்தார்கள்.

எல்பிகள் மோனோவா ஸ்டீரியோவா என்பதும் முக்கியம். ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தது 1957, 58 வாக்கில். அதற்கு முந்தைய மோனோ கார்ட்ரிட்ஜில் (ஆர்ம் முனையில் ஊசி பொருத்திய சிறு பாகம்) ஊசி பக்கவாட்டில் மட்டும்தான் அசையும், மேலும் கீழும் அசைந்து கொடுக்காது. ஸ்டீரியோ பள்ளத்தில் அதை ஓட்டினால் சுவரைச் சீவிக்கொண்டே போகும். 1970களின் பின்பகுதியிலும் 80களிலும் வந்த தமிழ்த் திரைப்பட எல்பிகளில் பல ஸ்டீரியோ. அவை 1950களின் சேஞ்சரில் ஏறவே கூடாது.

இரண்டாவது பார்வை, செட் எப்படி மின்சாரம் எடுக்கிறது என்பதில். பின்பக்க அட்டையைக் கழற்றி (பிளக் வெளியே இருக்கும்போதுதான்) வால்வுகளின் பெயரைப் படியுங்கள். ஐரோப்பிய வால்வில் முதல் எழுத்து 'ஈ' என்றால், ஈசிஎச்81, ஈஎல்84 மாதிரி, பெரும்பாலும் உள்ளே மெயின்ஸ் (வீட்டு மின்சார) டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 'யு' என்று தொடங்கினால், யுசிஎச்81, யுஎல்84 மாதிரி, அது ஏசி-டிசி செட். சில நகரங்களில் டிசி மின்சாரம் இருந்த காலத்துக்காகச் செய்தது. அதில் பாகங்களைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசிஸ் நேரடியாக மெயின்ஸோடு சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுவதும் 230 வோல்ட். அமெரிக்கச் செட்டில் 35, 50 என்று தொடங்கும் எண் இருந்தால் அதுவும் இதே சாதி. வானொலியாக மட்டும் இருந்தால் குமிழைத் திருகுவதோடு கை நின்றுவிடும். சேஞ்சர் உள்ள பெட்டியில் ஆர்மையும் இரும்புத் தட்டையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் இந்த வகையில் பழைய சேசிஸை ஓட்டுகிற எந்த வழியைத் தேர்ந்தாலும், செட்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்கும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் செலவைக் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது, எடுக்கிற முடிவிலிருந்து திரும்பி வர முடியுமா என்பது. இதை நான் பணத்துக்கும் மேலே வைப்பேன். கண்டன்சர் மாற்றியதை நாளை இன்னொருவர் மாற்றலாம். சேசிஸைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

மீதி உள்ளவை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும்: வால்வு தெரிந்த மெக்கானிக் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா, வருடா வருடம் ஆகும் செலவு எவ்வளவு, தினமும் அதைத் தொடப்போவது யார். எண்பது வயது அம்மா காலையில் தானே போட்டுக் கேட்க வேண்டும் என்றால் அது ஒரு கணக்கு. வாரக் கடைசியில் நீங்கள் மட்டும் தொடுவது என்றால் வேறு கணக்கு.

## வழி 1: முழுச் சீரமைப்பு

ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், சேஞ்சர் மூன்றும் அன்று பாடியபடி பாட வேண்டும் என்பது இது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்தான். ஆனால் எல்லா வீட்டுக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

ரேடியோ பகுதி பலர் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. எல்லாக் காகிதக் கண்டன்சர்களையும் பவர் சப்ளையின் பெரிய கண்டன்சர்களையும் மாற்றுவது, உதிர்ந்த ரப்பர் வயர்களை மாற்றுவது, சுவிட்சுகளையும் வால்யூம் குமிழையும் சுத்தம் செய்வது, டயல் நூல் கட்டுவது, கடைசியில் ஸ்டேஷன்கள் டயலில் சரியான இடத்தில் தெளிவாக விழும்படி அலைன்மெண்ட். ஜெர்மன் செட்டுகளில் ஏசியை டிசியாக மாற்றும் செலீனியம் ரெக்டிஃபயர் இருந்தால் அதையும் எடுத்துவிடுவது நல்லது; எரிந்தால் வருகிற நாற்றமும் புகையும் மோசமானவை. வால்வுகள் அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. ஈஎல்84 இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் புதிதாகச் செய்யப்படுகிறது. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் அந்தக் காலத்தில் செய்த வால்வுகளும் பழைய மெக்கானிக்குகளின் டப்பாக்களில் இன்னும் கிடக்கின்றன. தேடி அலைய வைப்பது மேஜிக் ஐ, அதாவது ஸ்டேஷன் சரியாகப் பிடித்ததா என்று காட்டும் ஒளிரும் வால்வு, மட்டும்தான். பச்சை வெளிச்சம் மங்கிப்போனால் நல்லதாக ஒன்று கிடைப்பது சிரமம். மங்கினாலும் செட் பாடும் என்பதால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

பணமும் நேரமும் கரைவது சேஞ்சரில். பிஎஸ்ஆர், கேரார்டு, கொலாரோ என்று இங்கிலாந்து சேஞ்சர்கள்; ஜெர்மன் பெட்டிகளில் டுவல், பெர்பெச்சுவம் எப்னர். பெயர் எதுவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான். கீழே ஒரு பெரிய பல்சக்கரம். ஊசி கடைசிப் பள்ளத்துக்கு வந்ததும் ஆர்ம் ஒரு மெல்லிய நெம்பைத் தள்ளும். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி, ஆர்மைத் தூக்கி ஓரம் தள்ளி, தட்டை விழவைத்து, அதன் அளவைத் தெரிந்துகொண்டு ஊசியை இறக்கும். எல்லாமே நெம்பும் ஸ்பிரிங்கும். அன்று தடவிய கிரீஸ் இன்று பிசினாக இறுகியிருக்கும். சேஞ்சர் ஓடவில்லை என்று வருகிற புகாரில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்த இறுகிய கிரீஸ்தான், தேய்ந்த பாகம் அல்ல. ஒவ்வொன்றாகக் கழற்றி, பழையதைக் கழுவி, வேண்டிய இடத்தில் மட்டும் புதிது தடவ வேண்டும். ஆர்ம் தள்ளுகிற அந்த மெல்லிய நெம்புக்கு எண்ணெயே விடக் கூடாது. சில வருடத்தில் அது பசையாகித் திரும்பவும் நின்றுவிடும்.

அடுத்தது ரப்பர் சக்கரம். மோட்டார் தண்டுக்கும் சுழல்தட்டுக்கும் நடுவில் உட்காரும் சிறு சக்கரம். இறுகிப்போனால் வழுக்கும், ஒரே இடத்தில் அழுந்தியே கிடந்திருந்தால் பள்ளம் விழுந்து 'டக் டக்' என்று பாட்டுக்கு அடியில் ஒலிக்கும். இதற்குப் புது ரப்பர் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். பலர் வெளிநாட்டில் இருப்பதால் தபால் செலவும் சுங்க வரியும் சேரும்.

நம் ஊர் வெயில் கொன்றுபோடும் பாகம் ஒன்று உண்டு: கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். 1950களின் பல கார்ட்ரிட்ஜ்களில் ரோஷல் உப்புப் படிகம்தான் ஊசியின் அசைவை மின்சாரமாக மாற்றியது. அது ஈரத்தையும் சூட்டையும் தாங்காது. 55 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே கெடத் தொடங்கும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரி கடலோர ஊரில், ஓட்டுக்குக் கீழே பரணில் முப்பது வருடம் கிடந்தது பிழைத்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பின்னால் வந்த செராமிக் கார்ட்ரிட்ஜ்கள் இதைவிடத் திடமானவை. மாற்றும்போது செராமிக்கே கேளுங்கள். ஊசி திருப்புகிற வகையாகவும், கூடுமானால் மேலும் கீழும் அசைந்து கொடுக்கிற ஸ்டீரியோ வகையாகவும் பார்த்து வாங்கினால் தட்டுகளுக்கு நல்லது.

அமெரிக்காவிலிருந்து வந்த செட் என்றால் இன்னொன்று. 117 வோல்ட்டுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டால் ரேடியோ பாடும். சேஞ்சர் மோட்டார் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 50 ஹெர்ட்ஸில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். 78 தட்டு 65-இல் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார், தாளமும் இழுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது. மோட்டார் தண்டில் 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி போட வேண்டும். நம் ஊர்ச் செட்டை அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ கொண்டுபோகிறவர்களுக்கு இதே கதை தலைகீழாக நடக்கும்: வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

மறைந்திருக்கும் செலவுகளில் முதலாவது காத்திருப்பு. வால்வு தெரிந்தவர்கள் குறைவு, அவர்களில் சேஞ்சர் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. ஒரே ஆளிடம் இரண்டையும் எதிர்பார்க்காமல் தனித்தனியாகக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். வானொலி மெக்கானிக் கிடைக்காவிட்டால் கிடார் வால்வு ஆம்ப்ளிஃபயர் சரிசெய்கிறவர்களையும் ஹாம் வானொலிக்காரர்களையும் கேட்டுப் பாருங்கள். வேலைக்கு எடுத்ததும் சீரிஸ் லாம்பு (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தத் தொடராக இணைக்கும் பல்பு) போட்டு மெல்ல வோல்டேஜ் ஏற்றிப் பார்ப்பவரா என்று கவனியுங்கள். நேராகப் பிளக்கில் செருகுகிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

இரண்டாவது, ரேடியோவிடம் நீங்கள் எதிர்பார்ப்பது. டயலில் கொழும்பு இருக்கும், லண்டன் இருக்கும். பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017-இல் நின்றுவிட்டது. சிற்றலையில் நமக்கு மிச்சம் கொஞ்சம்தான். மத்திய அலையில் வீட்டு எல்இடி பல்புகளும் சார்ஜர்களும் போடுகிற இரைச்சலைத் தாண்டித்தான் எதையும் கேட்க வேண்டும். இந்தியாவில் எஃப்எம் தொடங்கியதே 1977-இல், சென்னையில். அதனால் இங்கே விற்ற வால்வு செட்டுகளில் பெரும்பாலும் எஃப்எம் கிடையாது. ஜெர்மன் செட்டுகளில் உண்டு, ஆனால் 1950களின் பெட்டிகளில் பல 100 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். சென்னையில் 93.5-உம் 98.3-உம் கிடைக்கும், 101.4 ரெயின்போ கிடைக்காது. வானொலி கேட்பதற்காகவே பணம் போடப்போகிறீர்கள் என்றால் இதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

மூன்றாவது, ஊசியின் பாரம். இந்தக் கால டர்ன்டேபிள் 1.5 முதல் 2.5 கிராம் வரை அழுத்தும். இந்தச் சேஞ்சர்கள் 6 முதல் 10 கிராம். அரக்குத் தட்டு இதைத் தாங்கும். எல்பி தேயும்.

எப்போது இதுதான் சரி: உங்கள் அடுக்கு முழுக்க 78 தட்டுகளாக இருந்து, பெட்டி டிரான்ஸ்ஃபார்மர் செட்டாக இருந்து, சேஞ்சரில் பாகங்கள் எதுவும் காணாமல் போகாமல் இருந்தால். அந்தத் தட்டுகள் அன்று கேட்ட ஒலியில் கேட்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. மரப்பெட்டியில் பொருத்திய ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து வருகிற அந்த நடுத்தர ஒலி, நாகஸ்வரத்துக்கும் பழைய பின்னணிக் குரல்களுக்கும் அவ்வளவு பொருத்தம். சேஞ்சர் சரியானாலும் 78 தட்டுகளை அடுக்கி விழவைக்காதீர்கள். ஒவ்வொன்றாக வைத்துப் போடுங்கள். ஒரு தட்டு விழுந்து விரிசல் விட்டால் அதே பாட்டு வேறெங்கும் கிடைக்காமலே போகலாம்.

## வழி 2: பெட்டியும் ரேடியோவும் உயிரோடு, தட்டுக்கு வெளி டர்ன்டேபிள்

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

இந்தப் பெட்டிகளின் பின்பக்கத்தில் பல செட்டுகளில் வெளி டர்ன்டேபிளின் ஒலியை உள்ளே வாங்கும் ஒரு பிக்கப் சாக்கெட் இருக்கும். பி.யு. அல்லது கிராம் என்று எழுதியிருக்கும். ஜெர்மன் செட்டில் டி.ஏ. என்றோ ஒரு தட்டின் படமாகவோ இருக்கும். இல்லாவிட்டாலும் சேஞ்சரின் வயர் ஆம்ப்ளிஃபயருக்குள் போகும் இடத்தில் மெக்கானிக் ஒரு சாக்கெட் எடுத்துத் தந்துவிடுவார். செராமிக் கார்ட்ரிட்ஜ் சில நூறு மில்லிவோல்ட் கொடுக்கும். செட் எதிர்பார்ப்பதும் அதைத்தான். புது டர்ன்டேபிளில் இருக்கும் மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் தருவது 3 முதல் 5 மில்லிவோல்ட். அதனால் அதை உயர்த்தித் தரும் ஃபோனோ பிரீஆம்ப் உள்ளேயே இருக்கும் டர்ன்டேபிளாகப் பார்த்து, 'லைன்' பக்கம் சுவிட்சைத் தள்ளி இணைத்தால் ஒலி சரியாக ஏறும். இடது, வலது இரண்டையும் நேரடியாக முறுக்கிச் சேர்க்காமல், ஒவ்வொன்றிலும் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இதே சாக்கெட்டில் ஒரு சின்ன புளூடூத் ரிசீவரைச் செருகினால் கைபேசிப் பாட்டும் வால்வு வழியாகவே வரும். மூன்றாவது வழியில் பெட்டியைக் குடைந்து பெறப்போகும் வசதி, எதையும் வெட்டாமலே கிடைத்துவிடுகிறது.

சேஞ்சரை அப்படியே உள்ளே விட்டுவிடுங்கள். பத்து வருடம் கழித்து வீட்டில் யாருக்காவது ஆசை வந்தால் அப்போது சரிசெய்யலாம். செலவும் இரண்டாகப் பிரிகிறது: இந்த வருடம் ரேடியோ, அடுத்த வருடம் டர்ன்டேபிள்.

இதன் கஷ்டம், மேசைமேல் இன்னொரு சாமான் வந்து உட்காரும். மூடியைத் தூக்கித் தட்டு வைக்கிற அந்தச் சுகம் இல்லை. 78 தட்டுகளும் இருந்தால் எல்லா டர்ன்டேபிளும் உதவாது. பெரும்பாலானவை 33, 45 மட்டும்தான். ஆடியோ-டெக்னிக்காவின் எல்பி120 மாதிரி 78-உம் ஓடுகிற ஒன்றையும், தனியாக 78 ஊசி ஒன்றையும் வாங்க வேண்டியிருக்கும். ஊசிகள் தேயும், மாற்ற வேண்டும். அந்தச் செலவு தொடர்ந்து வரும்.

ஏசி-டிசி செட்டில் இந்த வழியே வேண்டாம், ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல். உங்கள் டர்ன்டேபிளின் உலோகப் பகுதிக்கும் கைபேசிக்கும் மெயின்ஸ் வந்து சேரும் வழி அது.

## வழி 3: மரப்பெட்டி பழசு, உள்ளே புதுசு

சின்ன ஆம்ப்ளிஃபயர் பலகை, ஒரு பவர் சப்ளை, இரண்டு ஸ்பீக்கர். எடை குறையும், சூடு இருக்காது, போட்டதும் பாடும், மின்சாரமும் குறைவு. வீட்டில் பெரியவர் தானே இயக்க வேண்டும், மெக்கானிக் பக்கத்தில் இல்லை என்றால் இதன் வசதியை நான் மறுக்கவில்லை.

ஆனாலும் உயிருள்ள சேசிஸைப் பிடுங்கி இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மலிவான புளூடூத் பலகைகள் சில வருடத்தில் மக்கர் செய்யும்; அதே பலகை அப்போது கடையில் இருக்காது. டயல் வெளிச்சமும் முள்ளும் வெறும் அலங்காரமாகிவிடும். சேகரிப்பவர்கள் இப்படி மாற்றிய பெட்டிக்கு வெறும் மரத்தின் விலைதான் தருவார்கள்.

சரியாகிற இடமும் உண்டு. எலி வயர்களைக் கடித்து, சிறுநீரில் சேசிஸ் துருவாகி, மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்துபோயிருந்தால்; அல்லது வேறு யாரோ ஏற்கெனவே உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தால். அப்போது தாராளமாகச் செய்யுங்கள். மரத்தில் புது ஓட்டை போடாமல், டயல் கண்ணாடியைத் தொடாமல், பழைய திருகுத் துளைகளிலேயே பொருத்தச் சொல்லுங்கள். எடுத்த வால்வுகளையும் சேஞ்சரையும் தூக்கி எறிய வேண்டாம். இன்னொரு வீட்டுச் செட் அவற்றால் பிழைக்கும்.

## வழி 4: கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவது

இடம் இல்லை, ஆர்வமும் இல்லை, தட்டுகளை மட்டும் நன்றாகக் கேட்க வேண்டும். இதில் தப்பே இல்லை. எல்பிகளுக்கு, அதிலும் ஸ்டீரியோ எல்பிகளுக்கு, ஒலியும் தட்டின் ஆயுளும் இந்த வழியில்தான் சிறப்பு.

விலையைப் பற்றி ஆசை வளர்த்துக்கொள்ள வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இப்படிப் பெட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். வாங்குகிறவர்களில் பலர் வரவேற்பறை அழகுக்காக வாங்குகிறார்கள். ஓடுகிறதா என்பதைவிட மரமும் டயலும் எப்படி இருக்கின்றன என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். அதனால் விற்பதற்காகவே முழுச் சீரமைப்புக்குச் செலவழித்தால் போட்டது திரும்பி வராது. தூசு தட்டி, உள்ளபடியே கொடுங்கள்.

தட்டுகளைப் பெட்டியோடு சேர்த்து ஒரே விலைக்குப் பேசாதீர்கள். பெட்டியின் இன்னொரு பிரதி எங்கேயாவது இருக்கும். பல தட்டுகளாக வந்த ஒரு நாடக செட்டின் நடுத்தட்டோ, ஒரு நாகஸ்வர வித்துவானின் ஒரே ஒரு 78-ஓ அப்படியல்ல. ஓடியன் தட்டுகளைத் தேடிப்பிடித்து எண்ணிமமாக்குவதற்கு பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டமே உதவி செய்தது என்றால், அவை எவ்வளவு அரிதாகிவிட்டன என்று யோசித்துப் பாருங்கள். மும்பையில் இந்திய ரிக்கார்டு சேகரிப்பாளர்களின் சங்கமும் இருக்கிறது. விற்பதற்கு முன் தெரிந்த ஒருவரிடம் பட்டியலைக் காட்டிவிடுங்கள்.

சூட்கேஸ் மாதிரி இருக்கும் மலிவு விலைப் பிளேயரைப் புதிது என்று நம்பி வாங்க வேண்டாம். பெரும்பாலானவற்றில் இருப்பது அதே செராமிக் கார்ட்ரிட்ஜ், அதே கனத்த ஊசி. பழைய சேஞ்சரை விட்டு அதற்குப் போவதில் தட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை. நல்ல டர்ன்டேபிள் என்றால் அதோடு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் சேர்ந்த விலையைக் கணக்கிடுங்கள். இரண்டாம் வழியில் அந்த இரண்டும் பெட்டிக்குள்ளேயே இருந்தன.

## ஒரே பார்வையில்

| | முழுச் சீரமைப்பு | ரேடியோ + வெளி டர்ன்டேபிள் | உள்ளே புளூடூத் | கொடுத்துவிட்டுப் புதிது |
|---|---|---|---|---|
| 78 தட்டு | மிக நன்று | 78 வேகமும் ஊசியும் இருந்தால் நன்று | பாடாது | 78 வேகமும் ஊசியும் இருந்தால் நன்று |
| ஸ்டீரியோ எல்பி | போடக் கூடாது | பாதுகாப்பு, ஒலி மோனோ | பாடாது | மிக நன்று |
| முதல் செலவு | அதிகம், முன்கூட்டிச் சொல்ல முடியாது | நடுத்தரம், பிரித்துச் செய்யலாம் | குறைவு | நடுத்தரம் முதல் அதிகம் |
| மறைந்த செலவு | கார்ட்ரிட்ஜ், ரப்பர், சுங்க வரி, காத்திருப்பு | 78 ஊசி, இடம் | சில வருடத்தில் பலகை மாற்றம் | ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் |
| ஆள் கிடைப்பது | கடினம் | ஓரளவு | எளிது | தேவையில்லை |
| திரும்ப வர முடியுமா | முடியும் | முடியும் | சேசிஸை வைத்திருந்தால் மட்டும் | முடியாது |
| பெரியவர் தனியே இயக்க | சிரமம் | ரேடியோ மட்டும் எளிது | எளிது | பழகினால் முடியும் |

78-உம் எல்பியும் கலந்து இருக்கிற வீடுகள்தான் அதிகம் குழம்பும். அவர்களுக்கு இரண்டாம் வழியில் தொடங்கச் சொல்வேன். ரேடியோ பகுதி எப்படியும் செய்ய வேண்டியதுதான். பிறகு முதல் வழிக்குப் போனாலும் அந்தச் செலவு வீணாவதில்லை. எல்பி டர்ன்டேபிளில், 78 சேஞ்சரில் என்று இரண்டும் ஒரே வீட்டில் பாடுவதுதான் என் கணக்கில் நல்ல முடிவு. தட்டே இல்லை, பெட்டி மட்டும்தான் இருக்கிறது என்றால் சேஞ்சருக்காக ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். ரேடியோவைச் சரிசெய்து பிக்கப் சாக்கெட்டில் புளூடூத் ரிசீவர் செருகினால் போதும்.

## எந்த வழியானாலும் செய்ய வேண்டியவை

அரக்குத் தட்டை ஸ்பிரிட்டோ ஆல்கஹால் கலந்த எல்பி திரவமோ போட்டுத் துடைக்காதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். லேபிள் நனையாமல், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்ட நீரில் மெல்லத் துடைத்து, நல்ல நீரில் மறுபடி துடைத்து, நிழலில் நிறுத்தி உலர்த்துங்கள்.

செட்டின் பின்னால் வோல்டேஜ் மாற்றுகிற திருகோ கட்டையோ இருந்தால் அதை 240 அல்லது அதற்குப் பக்கத்தில் இருப்பதில் வைக்கச் சொல்லுங்கள். 220-இல் இருந்தால் இன்றைய மின்சாரத்தில் வால்வுகள் தேவைக்கு மேல் சூடாகும். பிளக்கைப் பிடுங்கியபின்னும் பெரிய கண்டன்சர்களில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும் என்பதால் பின் அட்டையைக் கழற்றியதும் உள்ளே கை விட வேண்டாம்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும்போது தட்டுகள் எதையும் சேஞ்சர்மேல் விடாதீர்கள். ஆர்மை அதன் தாங்கியில் நூலால் கட்டுங்கள். சேஞ்சர் ஸ்பிரிங்மேல் மிதக்கிற வகையாக இருந்தால் மேல்தட்டில் போக்குவரத்துக்கென்று இரண்டு திருகுகள் இருக்கும். அவற்றை முறுக்கி அசையாமல் செய்துவிட்டு, பெட்டியைப் பின் இருக்கையில் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள்.